பிள்ளைகள் வந்த செய்தி

வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்கு என் எஞ்சின் வாயை மூடிக்கொள்கிறது. ஏறாவூரில் நான் வேலை பார்க்கும் நெல் மில்லின் முதலாளி முஸ்லிம். ஜும்மாவுக்குப் போகிறவர் மில்லைப் பூட்டிவிட்டுப் போவார்; பூட்டினால் மறுநாள் காலையில்தான் திறப்பார். ஆகவே எனக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது வெள்ளிக்கிழமை மத்தியானமே வந்துவிடுகிறது. உண்மையான ஞாயிற்றுக்கிழமையில் நான் எஞ்சினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருப்பேன். நம் திருநெல்வேலியில் வெள்ளிக்கிழமை என்றால் வீடு மெழுகி, விளக்குத் துலக்கி, கோயிலுக்குப் போகிற நாள். இங்கே ஊரெல்லாம் தொப்பியும் வெள்ளைச் சாரமுமாகப் பள்ளிவாசலைப் பார்த்துப் போகையில், நான் மட்டும் கரி படிந்த கையோடு எதிர்த்திசையில் நடப்பேன். ஐந்து வருஷமாகியும் இந்த நடை எனக்கு முழுதாகப் பழகவில்லை. யாரையோ ஏமாற்றிவிட்டு நழுவுகிற மாதிரியே இருக்கும்.

போகிற இடம் தன்னாமுனை. ஏறாவூரிலிருந்து மட்டக்களப்புப் பக்கமாக நடந்தால் வருகிற சிறிய கிராமம். வாவி என்கிற காயலின் கரையில், மீன் பிடிக்கிற சீனித்தம்பி அண்ணனின் வீடும், வீட்டுக்குப் பின்னால் அவருடைய தோணியும் இருக்கும். இங்கத்து ஆட்கள் வாவியை ஆறு என்றுதான் சொல்கிறார்கள். ஓடாத தண்ணீருக்கு ஆறு என்று பேர் வைத்தவர்களை நான் வேறெங்கும் கண்டதில்லை. சூரியன் எழும் பக்கம் எழுவான்கரை, விழும் பக்கம் படுவான்கரை. இரண்டுக்கும் நடுவே, வாரத்தில் ஒரு மத்தியானம், தனியாக ஒரு தோணியில் நான். மில்லுக்குள் ஆறு நாளும் இரும்பு கத்துவதைக் கேட்டவனுக்குத் தண்ணீரில் கம்பை ஊன்றும் சத்தம்கூட அதிகம்தான். நாட்டை விட்டு வந்து இங்கே எனக்கென்று ஒன்று கிடைத்தது என்றால் அது இந்த அரைநாள்தான். அதையும் நானே கெடுத்துக்கொண்டேன். கெடுத்தது முழுக்க நான் இல்லை; ஆனால் கதவைத் திறந்துவிட்டவன் நான். இதைக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். இந்தப் பக்கம் வந்து பிழைக்கிற நம்மவர்களில் பலர் இதைப் படிப்பார்கள். அவர்களில் சங்கரலிங்க அண்ணாச்சியும் இருக்கலாம். இருக்கட்டும், படிக்கட்டும்.

சீனித்தம்பி அண்ணன் நாலு வருஷம் எனக்குத் தோணி தந்தார். ஆனால் வாவிக்குள் இருந்த ஒரு திட்டை மட்டும் காட்டவில்லை. இந்த வருஷம் தை மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை அவரே தோணியில் ஏறி, கம்பை வாங்கிக்கொண்டார். படுவான்கரைப் பக்கம் போய், கண்டல் மரங்கள் இரண்டு பக்கமும் கைகோத்து நிற்கும் ஒரு வாய்க்காலில் நுழைந்து, பட்டுப்போன ஒரு மரத்தண்டை திரும்பினோம். எதிரே ஒரு திட்டு. திட்டில் இருந்த மரங்களின் இலையே தெரியவில்லை. எல்லாம் பறவை. உச்சியில் செங்கால் நாரைகள், அதற்குக் கீழே கரண்டிவாயன்கள், கொக்குகள், இன்னும் கீழே நீர்க்காகங்கள், சாய்ந்த மரங்களில் கூழைக்கடாக்கள். கூட்டுக்குக் கூடு சண்டை. மீன் நாற்றமும் எச்ச நாற்றமும் மூக்கைத் துளைத்தன.

"தம்பி, கண்டத ஒருத்தரிட்டயும் சொல்லிராதங்க," என்றார்.

"ஏன் அண்ணே, கண்ணு பட்டுருமா?"

"கண்ணோ? வெடி படும்."

"இவ்வளவு வருஷமா நீங்கதான் இதுகளக் காப்பாத்திட்டு வாறீங்களா?" என்று கேட்டேன். அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "காப்பாத்துறதோ? இதுகள்ட எச்சம் விழுற தண்ணியில இறால் கூடும் மனே. என்ட அத்தாங்கு வல இங்கதான் போடுற. எனக்கும் தங்கச்சிட புருசன் கதிராமனுக்கும்தான் இந்த இடம் தெரியும். மறுகா உங்களுக்கு." சொல்லிக்கொண்டே தாழ்ந்த கிளையொன்றில் கைவிட்டு, இரண்டு கூட்டிலிருந்து ஒவ்வொரு முட்டையாக எடுத்து மடியில் கட்டிக்கொண்டார். கும்பிட இருந்த கை எனக்கு அப்படியே இறங்கிவிட்டது. வரும் வழியெல்லாம், முட்டை திருடுகிற மனிதரிடம் போய் பறவைகள் அகப்பட்டுக்கொண்டனவே என்று மனம் அடித்துக்கொண்டது.

எனக்கு ஏன் அப்படி அடித்துக்கொண்டது என்று ஊரில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். நாங்குநேரிப் பக்கத்தில் எங்கள் ஊர்க் குளத்துக் கருவேல மரங்களில், மழைக்குப் பிறகு இதே நாரைகள் வந்து கூடு கட்டும். தலைப்பிரசவத்துக்கு வருகிற பெண்களை நினைத்து அவற்றைப் பிள்ளைகள் என்றுதான் சொல்வோம். முதலில் காண்கிறவன், கை வேலையைப் போட்டுவிட்டுத் தெருத்தெருவாகப் போக வேண்டும். ஒவ்வொரு வாசலிலும் நின்று, "பிள்ளைக வந்திருக்கு" என்று சொல்ல வேண்டும். வீட்டில் இருப்பவர் வெளியே வந்து, "நல்லா இருக்கட்டும், நம்ம வீடுதான்" என்று பதில் சொல்ல வேண்டும். அந்தப் பதிலைச் சொன்னவன் கட்டுப்பட்டவன். குஞ்சு பறக்கும்வரை அவன் வீட்டில் வேட்டுப் போடக்கூடாது, கவண் எடுக்கக்கூடாது, கல்யாண மேளம்கூடக் குளத்துப் பக்கம் போகாது. செய்தி காதில் விழாதவனுக்குக் கட்டு இல்லை. அதனால் கண்டவன் சொல்லாமல் இருப்பதுதான் எங்கள் ஊரில் பெரிய குற்றம். அவன் வாய் திறக்காததால் ஒரு குஞ்சு செத்தாலும் பழி அவனுக்குத்தான்.

இந்தப் பழக்கம் என் உடம்பில் ஊறியது. ஆகவே திட்டைக் கண்ட நாளிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பிள்ளைகள் வந்திருக்கின்றன; கண்டவன் நான்; ஒரு வாசலில்கூட நான் சொல்லவில்லை. சீனித்தம்பி அண்ணன் சொல்லாதே என்றது நினைவில் இருந்தது. ஆனால் அவர் ஒருத்தரிடமும் என்றது இந்த ஊர் ஆட்களைத்தானே என்று எனக்கு நானே வழக்காடினேன். நம் ஊர்க்காரர் ஒருவரிடம் சொன்னால் அது எப்படிச் சொன்னதாகும்? கட்டுத் தெரிந்த ஒரு காதிலாவது போட்டுவிட்டால் என் பாரம் இறங்கும். இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ள வேண்டும் போலிருக்கிறது.

சங்கரலிங்க அண்ணாச்சி எங்கள் குளத்தின் மறுகரை ஊர்க்காரர். இருவரும் ஒரே நாளில் புறப்பட்டு, தனுஷ்கோடியில் ஒரே கப்பலில் ஏறியவர்கள். கப்பலில் நான் குடலைக் கக்கியபோது என் தலையைத் தாங்கிப் பிடித்தவர் அவர். மூன்றாம் வருஷம் எனக்குக் குளிர்காய்ச்சல் கண்டபோது, வாழைச்சேனைக்கு அங்கிட்டு இருக்கும் தென்னந்தோட்டத்திலிருந்து வந்து நாலு நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தார். அந்தத் தோட்டத்தில் அவர் பெரிய கிளாக்கர், துரைக்குக் கணக்கு எழுதுகிறவர். சுத்த சைவம். முட்டை வெந்த பாத்திரத்தில் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார். காற்றே கருவாடாக வீசுகிற இந்தச் சீமையில் மாதத்துக்கு ஒருமுறை என் அறைக்கு வந்து, நான் வைக்கும் புளிக்குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "இன்னைக்குத்தான் டே வாய் சுத்தமாச்சு" என்பார். இந்த நாட்டில் நான் ஒருவரை நம்பினேன் என்றால் அது அவரைத்தான்.

மாசி பிறந்ததும் வந்தார். இலையில் மோர்ச்சோறு போட்டபோது சொல்லிவிட்டேன். "அண்ணாச்சி, பிள்ளைக வந்திருக்கு."

கை அப்படியே நின்றது. என்னை நிமிர்ந்து பார்த்தார். கண் கலங்கியிருந்தது, அது பொய் இல்லை என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். "நல்லா இருக்கட்டும், நம்ம வீடுதான்" என்றார், எங்கள் ஊர்ப் பெரியவர்கள் சொல்கிற அதே இழுவையில். பிறகு எந்த இடம் என்று கேட்டார். நான் மோர் தொட்ட விரலால் தரையில் வாய்க்காலை வரைந்தேன், பட்ட மரத்தை வைத்தேன், திருப்பத்தைக் காட்டினேன். "பெரிய படகு போகுமாடே?" என்று இரண்டு தரம் கேட்டார். ஆசைப்படுகிறார், அழைத்துப்போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, "தாராளமாப் போகும் அண்ணாச்சி" என்றேன். அன்று இரவு எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

அதற்கு அடுத்த வெள்ளிக்கிழமைக்கு அடுத்த வெள்ளிக்கிழமை. வழக்கம்போல ஒரு மணிக்கெல்லாம் தோணியைத் தள்ளினேன். சீனித்தம்பி அண்ணன் மகளுக்குப் பங்குனியில் கல்யாணம். பந்தலுக்குக் கம்பு வெட்டிக்கொண்டிருந்தார். "வெயில் பட்டிராம கிறுகி வாங்க" என்று, சீக்கிரம் திரும்பி வரும்படி மட்டும் சொன்னார். காற்றே இல்லை. மணலை மீன் தானாகத் துள்ளித் தோணிக்குள் விழுமோ என்று பார்த்தேன். இரண்டு தோணிக்கு மேலாகவே தாண்டிப் போயின. ஆம்பல் படர்ந்த ஒதுக்கில் நீலக்கோழிகள் இலைமேல் கால் வைத்து, சேலை நனையாமல் தூக்கிப் பிடித்து நடக்கும் பெண்கள் போல நடந்தன. சேற்றுக்கரையில் ஒரு முதலை வாயைத் திறந்துபோட்டுக் கிடந்தது. முதலை கிடக்கிறது என்று முதல் வருஷம் நான் திரும்பி ஓடியிருக்கிறேன். இப்போது அதுவும் என்னைக் கண்டுகொள்வதில்லை, நானும் அதைக் கண்டுகொள்வதில்லை.

கம்பை மடியில் வைத்துவிட்டுச் சும்மா மிதந்தேன். நீர்நாய்கள் நாலு, ஒன்றன்பின் ஒன்றாகக் கரையேறி, ஒரு விலாங்கைப் பிய்த்து, ஒன்றுக்கொன்று முறைத்துக்கொண்டே தின்றன. பாம்புத்தாரா கழுத்தை மட்டும் நீட்டித் தண்ணீருக்குள் போவதும், எதிர்பாராத இடத்தில் எழும்புவதுமாக இருந்தது. எங்கே எழும்பும் என்று எனக்குள் பந்தயம் கட்டி, ஒரு தரம்கூட ஜெயிக்கவில்லை. கபரக்கொய்யா என்கிற பெரிய நீர் உடும்பு ஒன்று கண்டல் வேரிலிருந்து வழுக்கித் தொப்பென்று விழுந்து, விழுந்த வெட்கத்தில் அவசரமாக நீந்திப் போனது. நான் வாய்விட்டுச் சிரித்தேன். இப்படித் தனியாகச் சிரிப்பதற்கு நம் ஊரில் எனக்கு இடம் இருந்ததில்லை. அங்கே எந்தக் குளத்தங்கரையிலும் நாலு பேர் இருப்பார்கள். ஏன் சிரிக்கிறாய் என்று கேட்பார்கள். இந்த நாடு எனக்கு இதைத் தந்திருக்கிறது என்று அப்போது நன்றியோடு நினைத்தேன்.

வாய்க்காலின் வாயில் நுழையும்போது எஞ்சின் சத்தம் கேட்டது. இரண்டு சிலிண்டர், அதில் ஒன்று ஒழுங்காக வேலை செய்யவில்லை. என் தொழில் புத்தி முதலில் அதைத்தான் கவனித்தது. பிறகுதான் இந்த வாய்க்காலில் எஞ்சினுக்கு என்ன வேலை என்று நெஞ்சு திடுக்கிட்டது. சத்தம் நின்றது. நின்றதும் முதல் வெடி. திட்டுக்கு மேலே வானம் வெள்ளையும் கறுப்புமாக எழும்பியது. நாரை கத்தாது, அலகைத்தான் தட்டும். அத்தனை அலகும் சேர்ந்து தட்டிய சத்தம் வெடியைவிடப் பயங்கரமாக இருந்தது.

பட்ட மரத்தைத் திரும்பினேன். வெள்ளை வர்ணம் அடித்த மோட்டார் படகு. அதில் துப்பாக்கியோடு இரண்டு துரைமார். ஒருவர் தோட்டத்துப் பெரிய துரை, மற்றவர் விருந்தாளி. இறந்த பறவைகளைப் பாடம் பண்ணிக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கிற பழக்கக்காரர் என்று பிறகு தெரிந்தது. பின்னால் கோட்டும் தலைப்பாகையுமாக ஒருவர் எழுந்து நின்று, எந்தக் கிளையில் எது இருக்கிறது என்று கையை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கையை எனக்குத் தெரியும். கப்பலில் என் நெற்றியைத் தாங்கிய கை.

"அண்ணாச்சி!" என்று கத்தினேன்.

அவர் திரும்பினார். ஒரு நொடி முகம் செத்தது. உடனே சிரிப்பை எடுத்துப் போட்டுக்கொண்டார். "என்னடே, நீயுமா வந்திருக்க? ஓரமா நில்லு."

"நம்ம வீடுதான்னு சொன்னீங்களே அண்ணாச்சி!"

"அது நம்ம ஊர்ல டே. அந்தக் கட்டெல்லாம் நம்ம குளத்துக்கு. பொழைக்க வந்த எடத்துல நமக்கு என்ன கட்டு? சத்தம் போடாத, துரை பாக்காரு."

நான் துரையைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டு, எனக்குத் தெரிந்த இங்கிலீஷைக் கொட்டினேன். "ப்ளீஸ் சார், நோ சார், பேபி சார்!" என்று கூடுகளைக் காட்டினேன். விருந்தாளித் துரைக்கு ஒன்றும் புரியவில்லை. நான் என்ன கேட்கிறேன் என்று அண்ணாச்சியிடம் கேட்டார். அண்ணாச்சி வணக்கமாக ஏதோ சொன்னார். அதில் எனக்குப் புரிந்தது 'கறி' என்ற ஒரு சொல். துரையின் முகம் மலர்ந்தது. காலடியில் கிடந்த நாரைகளில் ஒன்றைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கி, நல்ல மனசோடு என் தோணிக்குள் எறிந்தார். அது என் பாதத்தில் வந்து விழுந்தது. உடம்பில் இன்னும் சூடு இருந்தது. அண்ணாச்சி வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். முட்டை வெந்த பாத்திரத்தில் தண்ணீர் குடிக்காதவர் அல்லவா, ரத்தத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை போலும்.

திரும்பி வந்த வழி எனக்கு நினைவில்லை. நடு வாவியில் அந்தப் பறவையை இரண்டு கையாலும் எடுத்துத் தண்ணீரில் விட்டது மட்டும் நினைவிருக்கிறது. அண்ணாச்சி என்னை ஏமாற்றியதுகூட அப்போது இரண்டாவதாகத்தான் உறுத்தியது. இரண்டு முட்டை எடுத்தார் என்று நான் மனதுக்குள் திட்டிய மனிதர் இத்தனை வருஷமும் அந்தத் திட்டைக் கட்டிக் காத்திருக்கிறார். பதில் வார்த்தை பிசகாமல் சொன்ன மனிதர் படகைக் கொண்டுவந்துவிட்டார். ஆளைத் தெரிந்துகொள்ள நான் வைத்திருந்த அளவுகோல் முழுக்கத் தப்பு.

கரையில் சீனித்தம்பி அண்ணன் நின்றார். வெடிச்சத்தம் அவருக்கும் கேட்டிருந்தது. கையில் கம்பு வெட்டிய கத்தி அப்படியே இருந்தது. கீழே போட மறந்திருந்தார். "திட்டிலதானே?" என்று கேட்டார். நான் தலையசைத்தேன்.

"கதிராமன்தான். அவனத் தவிர ஆருக்குத் தெரியும்?" என்றார். "போன கிழம வல போடுற இடத்துக்கு என்னோட வாய் காட்டினவன். அந்தக் கோவத்தில கொண்டுபோய்க் காட்டிரிக்கான். என்ட தங்கச்சிக்குப் புருசன் எண்டும் பாக்கமாட்டன். மகள்ட கலியாணத்துக்கு அவனும் வரப்படாது, அவளும் வரப்படாது. இண்டையோட அந்தக் குடியும் வேற, இந்தக் குடியும் வேற." வாசலில் நின்ற அவர் மனைவி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள்.

நான் ஒரு நிமிஷம் பேசாமல் நின்றேன். சொன்னால் தோணி போகும், வெள்ளிக்கிழமை போகும், இந்த மண்ணில் எனக்கென்று இருக்கிற ஒரே வாசல் போகும். சொல்லாவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அண்ணாச்சியைப் பற்றி இவ்வளவு எழுதினேனே, அந்த ஒரு நிமிஷம் நானும் அவரும் ஒரே படகில்தான் நின்றோம். அதை மறைத்தால் இந்தக் கட்டுரையே பொய்.

"அண்ணே, கதிராமன் இல்ல. நான்தான் சொன்னேன். எங்க ஊர்க்காரர்ட்ட."

அவருடைய கத்தி உள்ள கை மெல்லத் தாழ்ந்தது. அடி விழும், குறைந்தது ஏச்சாவது விழும் என்று நான் காத்து நின்றேன்.

"அப்ப கதிராமன் இல்லயா?"

"இல்ல அண்ணே."

அவர் முகம் விரிந்த விதத்தை என்னால் மறக்க முடியாது. "அப்பாடா!" என்று மூச்சு விட்டார். "நான் எங்கட ஆள் எண்டெல்லோ பயந்து போனன்." வீட்டைப் பார்த்துக் கூவினார். "இஞ்ச பாரு, கதிராமன் இல்லயாம். இந்தத் தம்பிதானாம்!"

"கடவுளே, நல்ல காலம்," என்றாள் அவள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"என்ன ஏசுங்க அண்ணே," என்றேன். "நீங்க சொல்லாதன்னு சொன்னத மீறிச் சொன்னவன் நான்."

"உங்கள என்னத்துக்கு ஏசுற மனே?" என்று என் தோளைத் தட்டினார். "உங்களுக்கு இஞ்சத்த வழமை தெரியாதுதானே. இண்டைக்கு இரிப்பீங்க, நாளைக்குப் போயிருவீங்க. வாற வெள்ளியும் வந்து தோணிய எடுங்க, ஒண்டும் நினைக்காதங்க." அப்படியே கத்தியைப் பந்தல் காலில் செருகிவிட்டு, கதிராமன் வீட்டைப் பார்த்து வேகமாக நடந்தார். கொஞ்ச நேரத்தில் அந்த வளவுக்குள்ளிருந்து இரண்டு மச்சான்மாரும் பெரிதாகச் சிரிக்கும் சத்தம் கேட்டது.

கதிராமனாக இருந்திருந்தால் அன்று ஒரு குடும்பமே அறுந்துபோயிருக்கும். எனக்கு ஒரு கெட்ட வார்த்தைகூடக் கிடைக்கவில்லை. சங்கரலிங்க அண்ணாச்சிக்கு இந்த ஊரில் கட்டு இல்லை. எனக்கோ இந்த ஊரில் துரோகம் செய்கிற அளவுக்குக்கூட உறவு இல்லை. சீனித்தம்பி அண்ணன் என் கழுத்தைப் பிடித்திருந்தால் நான் அந்தக் கரையின் ஆளாகியிருப்பேன்.

தோணியைக் கட்டிவிட்டு அதிலேயே உட்கார்ந்தேன். சீனித்தம்பி அண்ணனின் மனைவி சேற்றில் இறங்கி வந்து தேத்தண்ணி தந்தாள். அந்த வீட்டில் எல்லோரும் தேத்தண்ணியை வெறுமனே குடித்துக்கொண்டு, உள்ளங்கையில் ஒரு துண்டு வெல்லச் சக்கரையை வைத்துக் கடித்துக்கொள்வார்கள். சீனி கலந்து கொடுப்பது வெளியாட்களுக்கு. ஐந்து வருஷமாக நான் அந்த வீட்டில் குடிக்கிறேன். சீனியின் இனிப்பை அன்றைக்குத்தான் கவனித்தேன்.